ஸ்பிரிட்டில் கரைந்த பாட்டு

ஒரு பாட்டை என் கையாலேயே அழித்தவன் நான்.

அந்தமானில் பாம்பூஃப்ளாட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்தபோது, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ஒரு கிராமபோன் வாங்கி வந்தேன். அந்த வருஷம் புதிதாகக் கேட்ட இசைத்தட்டுகளில் என்னைச் சொக்க வைத்தது, பக்கத்து வீட்டு பிஸ்வாஸ் தாதாவின் வங்காளப் படகுப் பாட்டு. கிழக்கு வங்காளத்து ஊரைவிட்டு அகதிகளாக வந்தபோது அவர் மனைவி துணிமூட்டைக்குள் வைத்துக் காப்பாற்றிய ஒரே தட்டு அது. தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன்; அவர் மனைவியை நான் பௌதி என்பேன், அண்ணி மாதிரி; அவர்களுக்கு நான் பாய், அதாவது தம்பி. அவர்களிடம் கிராமபோன் இல்லாததால், ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வந்து கேட்பார்கள். தட்டு என் வீட்டிலேயே இருந்ததால், மற்ற நாட்களில் நான் ஓயாமல் போட்டுக் கேட்பேன்.

மழைக்காலத்தில் தட்டில் பூஞ்சை பூத்தது. கம்பவுண்டர் கை சும்மா இருக்குமா? புண்ணைத் துடைப்பதுபோலப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அழுத்தித் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, அரக்கில் செய்த தட்டின் கோடுகள் கரைந்துபோயின. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். ஊசியை வைத்தால் வெறும் கரகரப்பு.

தட்டோடு போய் நின்றேன். "மாஃப் கரோ பௌதி, நான்தான் கெடுத்துட்டேன்."

பௌதி தட்டைத் தடவிப் பார்த்தார்.

தாதாதான் வாயைத் திறந்தார். "அரே பாய், பிளேட் கயா, கானா கிதர் கயா? பிளேட்தான் போச்சு, பாட்டு எங்கே போயிடும்? தினமும் கேட்டியே, நீ பாடு!"

"எனக்குப் பெங்காலி தெரியாதே தாதா!"

"பாடு, பாடு!"

கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். அர்த்தம் புரியாத சொற்களைக் கடித்துக் குதறினேன். பௌதி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். பிறகு அதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் விட்ட சொல்லை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு வாசலில் பௌதியின் குரல்: "பாய், பிளேட் போடு!"

மன்னித்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிராமபோனை மூடிவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.