தப்பாகவே படித்தவள்

அம்மா சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் சட்டையை முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பாள். "வெளியில எல்லாமே அழகாத்தான் இருக்கும்" என்பாள். கம்பெனியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர்.

ஓய்வு பெற்றதும் வேதப் பாட்டுகளைப் படிக்கக் கிளம்பினாள். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. தமிழ் எழுத்தில் மூலமும் கீழே பொருளும் அச்சிட்ட தடித்த புத்தகம் ஒன்றை வாங்கினாள். ஞாயிறுதோறும் வகுப்பு நடத்திய பழைய பேங்க் மேனேஜரிடம் சேர்ந்தாள். புதியவர்கள் ஒரு வருடம் வாய் திறக்காமல் கேட்க வேண்டும், தப்பாகச் சொன்னால் சொன்னவருக்கே கேடு என்றார் அவர். சில வாரங்களிலேயே அம்மா கையைத் தூக்கிவிட்டாள்.

"சார், இதுல ஆளாளுக்குக் கேட்டுக்கிட்டே இருக்காங்களே! மாடு குடு, மழை குடு, புள்ள குடுன்னு. போனஸ் சமயத்துல நாங்களும் முதலாளிய இப்படித்தான் புகழுவோம்."

அவர் சிரிக்கவில்லை. அம்மா அப்புறம் அங்கே போகவில்லை.

வீட்டில் படித்தாள். சமையலறையில், மாடி வீட்டுக்கும் கேட்கிற சத்தத்தில், எழுத்துக் கூட்டி. நெருப்பை விருந்தாளி என்று கூப்பிடும் பாட்டு வந்தால் அடுப்பைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்பாள். விடியலைப் புகழும் பாட்டு வந்தால், "இத்தனை பேர் பாடியிருக்கானுங்களே, ஒருத்தனாவது காலையில எழுந்து பாத்திரம் தேச்சிருப்பானா?" என்பாள். ஆனாலும் அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி படிப்பாள்.

"மோட்டார் பேரிங் போன மாதிரி இருக்கும்மா உன் குரல்" என்பேன்.

"காதைப் பொத்திக்கோடி" என்பாள்.

பிறகு கணையத்தில் கட்டி வந்தது. போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது மாமா ஆரம்பித்தார். அம்மாவின் அண்ணன். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"நான் அன்னிக்கே தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். தப்புத் தப்பா படிச்சா சும்மா விடுமா? அந்தப் புத்தகத்தை இன்னிக்கே வெளிய அனுப்பிடு. உனக்கும் ஒண்ணு ஆயிடக் கூடாது, கண்ணு."

எல்லோரும் தலையாட்டினார்கள். புத்தகம் வாசலைத் தாண்டினால் இந்தக் குடும்பத்தில் காலத்துக்கும் ஒரே கதைதான் நிற்கும்: அவள் தன் வாயாலேயே செத்தாள்.

பழுதான பம்புகளைப் பிரித்து, ஏன் நின்றது என்று அறிக்கை எழுதுவது என் வேலை.

"மாமா, பம்ப் நின்னப்ப பக்கத்துல யாரு பாடினாங்கன்னு நான் எழுதறதில்ல. அம்மாவுக்கு இருந்தது கட்டி. ஸ்கேன்ல நானே பாத்தேன்."

"படிச்ச திமிருடி உனக்கு."

உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தேன். அதை நான் திறந்ததே இல்லை. பொருளடக்கத்தில் எனக்குப் புரிகிற தலைப்பாகத் தேடினேன். 'தவளைகள்' என்று ஒன்று இருந்தது. சத்தமாகப் படித்தேன். ஒவ்வொரு வரியிலும் நாக்கு இடறியது.

"நிறுத்து!" என்றார் மாமா.

நிறுத்தவில்லை. மூலத்தை முடித்துப் பொருளுக்கு வந்தேன். காய்ந்து கிடந்த தவளைகள் மழை விழுந்ததும் கத்துகின்றன. ஒன்று மாடு மாதிரி, ஒன்று ஆடு மாதிரி. பாடம் சொல்லும் பிள்ளைகளைப் போல, ஒன்று சொல்வதை இன்னொன்று திருப்பிச் சொல்கிறது. பாடியவன் அவற்றைக் கும்பிட்டு வரம் கேட்கிறான்.

"தவளையையா?" என்றாள் அத்தை, மாமாவின் மனைவி.

"தவளையத்தான் அத்தை. அது கத்தினதையே புகழ்ந்து வச்சிருக்காங்க. எங்கம்மா கத்தினதுக்கு மட்டும் கொன்னுடுமா?"

மாமா எழுந்து செருப்பை மாட்டினார். "வா, போலாம்" என்றார்.

அத்தை எழவில்லை. "நீங்க போங்க. பஸ் தெரியும் எனக்கு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னொண்ணு படி" என்றாள்.

படித்தேன். இன்னும் மோசமாக.