இரண்டு அடுப்பும் ஒரு காட்டு முயலும்

மூத்தவளுக்கு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க நீராவி இஸ்திரி எந்திரத்தின் முன்னால் நின்று, படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடித்து அடுக்கவேண்டும். வீடு திரும்பும்போது கால்கள் இரவல் வாங்கியவைபோல இருக்கும். அதற்குமேல் சமையல். அதுவும் தனக்கு மட்டும்.

வீட்டில் அவளும் அவள் கொழுந்தனின் மனைவியும்தான். அவர்களின் புருஷன்மார், அண்ணனும் தம்பியும், ஒரே லாரியில் ஓடுகிறவர்கள்; போனால் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஓரகத்திகள் இருவரும் ஒரே அடுப்பில்தான் சமைத்துக்கொண்டிருந்தார்கள், விருந்தாளிகள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். அன்றைக்கு எல்லார் முன்னாலும் இளையவள், "அக்கா கை பட்டாலே சோத்துல சோப்பு வாசம் அடிக்கும்" என்று சொல்லிவிட்டாள். விருந்தாளிகள் சிரித்தார்கள். மூத்தவளும் சிரித்தாள். மறுநாள் போய் இன்னொரு அடுப்பு வாங்கிவந்தாள்.

அதோடு உப்பு டப்பா இரண்டானது. கொல்லைப்புறத்துக் கீரைப்பாத்தியும் நடுவில் கயிறு கட்டி இரண்டானது. ஆனால் காட்டு முயலுக்கு ஏது பாகப்பிரிவினை? ரயில் பாதைப் புதரிலிருந்து வந்து, கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓரவஞ்சனையில்லாமல் மேய்ந்துவிட்டுப் போனது. மூத்தவள் வேலியை அடைத்துப் பார்த்தாள். அடியில் பள்ளம் பறித்து வந்தது. கடைசியில் ஒரு கம்பிக்கூண்டு வைத்தாள்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது கூண்டு மூடிக் கிடந்தது. உள்ளே நல்ல பெரிய முயல்.

விரட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். விரட்டினால் நாளைக்கும் இதுதான் வரும். அவளிடம் வெங்காயத்தைத் தவிர வேறொன்றுமில்லை, கடைவரை நடக்கத் தெம்புமில்லை. பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கி, விறகுக்கட்டையால் பிடரியில் ஒரே போடு. முயலின் துடிப்பு அடங்கிவிட்டது.

துணி உலர்த்தும் கம்பத்தில் அதைத் தலைகீழாகக் கட்டிக் கத்தியை வைத்தாள். சலவைக்காரத்தில் வெடித்திருந்த விரல்களில் பிடி நிற்கவில்லை. கத்தி வழுக்கித் தோல் கோணலாகக் கிழிந்தது.

"விடுங்கக்கா. பாக்கவே சகிக்கல."

வாசற்படியில் இளையவள் நின்றிருந்தாள். அடுப்பு பிரிந்த பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு.

"உனக்கு உரிக்கத் தெரியுமா?"

"எங்கப்பா புடிச்சுட்டு வந்து போட்டுட்டுப் போயிடுவாரு. உரிக்கிறது என் தலையிலதான் விடியும்."

கத்தியை வாங்கிக் கணுக்காலைச் சுற்றிக் கீறி, குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோலத் தோலை உருவினாள். ஈரலோடு ஒட்டியிருந்த பித்தப்பையை நகத்தால் மெல்லக் கிள்ளி எடுத்தாள். அது உடைந்தால் கறி முழுக்கக் கசந்துவிடும். மூத்தவள் உப்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

மூத்தவளிடம் பெரிய பாத்திரம் இல்லை. இளையவளின் கனத்த பாத்திரம் மூத்தவளின் அடுப்பில் ஏறியது. மூத்தவளின் வெங்காயம், இளையவளின் பூண்டும் மிளகும், வேறொன்றுமில்லை. கிழட்டு முயல்போலிருக்கிறது, வேகவே மாட்டேன் என்றது. இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது..."

"அடிப்பிடிக்கப் போகுது, கிண்டு."

இளையவள் எழுந்து கிண்டினாள். "வேணும்னு சொல்லலக்கா. வாய் முந்திக்கிச்சு."

"பொய்யா சொன்ன? எனக்கே அந்த வாசம் தெரியும். எவ்வளவு கழுவினாலும் போகல. அதனாலதான் உறைச்சுது."

இளையவள் கரண்டியால் ஒரு துண்டை எடுத்து ஊதி அவளிடம் நீட்டினாள். மூத்தவள் மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"செருப்பு மாதிரி."

சிரிப்பதற்குக்கூட இருவருக்கும் தெம்பில்லை, ஆனாலும் சிரித்தார்கள். அதற்குமேல் காத்திருக்கப் பசி விடவில்லை. சின்னச் சின்ன எலும்புகளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி ஒதுக்கித் தின்றார்கள். குழம்பு நன்றாக இருந்தது. இளையவள் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டாள்.

பாதிச் சாப்பாட்டிலேயே மூத்தவள் கண் அசந்துவிட்டாள். மடியில் தட்டு, கையெல்லாம் குழம்பு. இளையவள் தட்டை வாங்கிவைத்தாள். எழுப்ப மனசில்லாமல், ஈரத்துணியால் அந்த வெடித்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள். மூத்தவள் பாதி விழித்து, "நாளைக்கு நீ ஆக்கிடுறியா?" என்று முனகினாள்.

"ஆக்குறேன். நீங்க தூங்குங்க."

அடுத்த முறை லாரி வந்தபோது அண்ணனும் தம்பியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நடுவில் அடுப்பு இரண்டானதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.