முப்பத்தைந்து எம்எம்முக்காக நான் கேட்ட மன்னிப்பு

1. பிரின்ட் அவுட்

புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு கேமரா கடையில் பதினாறு வருடம் லென்ஸ் ரிப்பேர் பார்த்தேன். இப்போது இந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் சிலர், "உங்க அனுபவத்தை எழுதுங்க மேடம்" என்று கேட்டிருக்கிறார்கள். இனிமையான அனுபவமாக வரும் என்று எதிர்பார்த்திருந்தால் அது அவர்கள் பாடு. எனக்கு முதலில் ஞாபகம் வருவது 2004, மழை ஓய்ந்த சமயம், ஒரு திங்கட்கிழமை காலை.

ஸ்க்ரூடிரைவர்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி சம்பந்தம் சார் வந்து ஒரு பிரின்ட் அவுட்டை என் மேஜைமேல் போட்டார். அவர் வேலூர்க்காரர், அப்பா காலத்திலேயே புனேவுக்கு வந்த குடும்பம்.

"படிச்சுப் பாரு கோமதி. ஊரெல்லாம் நம்ம மானம் கப்பலேறிப் போச்சு."

ஃபோட்டோ எடுப்பவர்கள் கூடிப் பேசும் ஒரு இன்டர்நெட் குழுவில், பிரபு என்ற எங்கள் கஸ்டமர் ஆங்கிலத்தில் எழுதியது அது. அன்றாடம் கையில் வைத்துக்கொள்ள எந்தச் சின்ன மேனுவல் லென்ஸ் நல்லது என்று மூன்று லென்ஸை ஒப்பிட்டிருந்தார். கடைசிப் பாராவில் என் பெயர் இருந்தது. 35 எம்எம் லென்ஸ் தூரத்துக் காட்சிக்கு ஃபோகஸ் ஆகவே இல்லை; சர்வீஸ் செய்த கோமதி அதைத் தப்பாக மாட்டியிருக்கிறார்; அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்; இந்தக் கடையில் லென்ஸைத் திறக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் மன்னிப்புக் கேட்டது உண்மை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

2. சிவப்புப் புள்ளி

நான் பிறந்தது கட்கியில். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நான் ஹடப்சரில் பைனாகுலர் செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் எட்டு வருடம் அசெம்ப்ளியில் இருந்தேன். அதை மூடியபிறகுதான் கேம்புக்கு வந்தேன். ஒரு பொம்பளை லென்ஸைத் திறப்பதா என்று சில கஸ்டமர்கள் வாய்விட்டே கேட்டார்கள். முதல் வருடம் முழுக்க எனக்கு ஃபிளாஷ் பேட்டரி மாற்றும் வேலைதான் கிடைத்தது.

பைனாகுலர் யூனிட்டில் ஒரு பழக்கம் உண்டு. செட் பண்ணி முடித்த ஸ்க்ரூவின் தலையில் சிவப்பு அரக்கு ஒரு பொட்டு வைப்போம். ஸ்க்ரூ அசையாது, யாராவது திருகினால் பொட்டு வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். கேம்பில் அரக்குக்குப் பதில் நெயில் பாலிஷ் வைத்தேன். "என்ன கோமதி, லென்ஸுக்கு மேக்கப்பா?" என்று சார் கேலி செய்வார். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

லென்ஸில் ஃபோகஸ் ரிங்கைப் பிடித்து வைத்திருப்பவை, அதன் ரப்பர் பட்டைக்கு அடியில் இருக்கும் மூன்று பொடி ஸ்க்ரூக்கள். ரிங் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால்தான் இன்ஃபினிட்டி என்கிற வெகுதூரக் குறியில் வைக்கும்போது தூரத்து மலை துல்லியமாக வரும். ரிங்கைக் கழற்றி ஒரு நூல் தள்ளி மாட்டினாலும் மலை பஞ்சு மாதிரிதான் தெரியும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

3. மூன்று லென்ஸ்

பிரபு கோயம்புத்தூர்க்காரர். ஹடப்சரில் ஐ.டி. வேலை, கோந்த்வாவில் ஃபிளாட். டிஜிட்டல் வந்துகொண்டிருந்த நேரத்தில் ஃபிலிம் பைத்தியம் பிடித்த கூட்டத்தில் ஒருவர்.

"ஏனுங்க மேடம், ஜூம் எல்லாம் எனக்கு வேண்டாமுங்க. பாக்கெட்டுல போட்டுக்கிற மாதிரி சின்னதா ஒரு லென்ஸ். ஃபோகஸ் நானே பண்ணிக்குவேன். ஆபீஸ்ல இன்னும் எட்டுப் பேர் இருக்காங்க. நான் எதைச் சொல்றனோ அதைத்தான் அவங்களும் வாங்குவாங்க."

எட்டுப் பேர் என்றதும் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கடையிலிருந்த 28, 35, 50 எம்எம் லென்ஸ் மூன்றையும் இரண்டு வாரம் வைத்துப் பார்க்கும்படி கொடுத்தார். மூன்றும் செகண்ட்ஹேண்ட். 35-இல் மழைக்கு ஃபங்கஸ் பிடித்திருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் நான் கழற்றிச் சுத்தம் செய்து, எதிர்க்கட்டடத்து வாட்டர் டேங்கைப் பார்த்து இன்ஃபினிட்டி செட் பண்ணி, பொட்டு வைத்திருந்தேன்.

என் அபிப்பிராயத்தை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். 50-இல் வியூஃபைண்டர் வெளிச்சமாக இருக்கும், ஃபோகஸ் பிடிப்பது சுலபம், முகம் அழகாக வரும். ஆனால் நம் ஃபிளாட் ஹாலில் நாலு பேரை எடுக்கப் பின்னால் போனால் முதுகு சுவரில் இடிக்கும். 28-இல் எல்லாம் அடங்கும். ஓரத்தில் நிற்கிறவர் தலை மட்டும் பூசணிக்காய் ஆகிவிடும். 35-தான் தினப்படிக்கு. அப்பர்ச்சர் எட்டில் வைத்து, ரிங்கை மூன்று மீட்டரில் நிறுத்திவிட்டால் இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரை எல்லாமே கூர்மையாக வரும். பஸ் ஸ்டாப்பிலோ கடைத்தெருவிலோ ஃபோகஸைத் தொடவே வேண்டாம்.

4. சனிக்கிழமைக் கூட்டம்

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை, கடையில் நிற்க இடமில்லாத நேரத்தில் பிரபு வந்தார். கவுண்டர்மேல் பிரின்ட்களைப் பரப்பினார். கோந்த்வா மொட்டை மாடியிலிருந்து எடுத்த குன்றுகள். 28-இல் கூர்மை, 50-இல் கூர்மை, 35-இல் குழம்பு.

"என்னங்க மேடம் இது? நீங்க சர்வீஸ் பண்ணுன லென்ஸுதானுங்களே?"

பத்துப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சார் எனக்குக் கண்ணைக் காட்டினார். அந்தக் கண்காட்டலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்: லஃப்டா வேண்டாம், சமாதானமாகப் போ.

"சாரி சார், என் தப்பாத்தான் இருக்கும்" என்றேன்.

லென்ஸைக் கையில்கூட எடுக்கவில்லை. பொட்டு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பொம்பளை மெக்கானிக் என்றால் தப்பு அவளுடையதாகத்தான் இருக்கும் என்று கூட்டம் நினைக்கும்முன் நானே முந்திக்கொண்டு நினைத்துவிட்டேன். லென்ஸை வாங்கி சார் ஷோகேஸில் வைத்துப் பூட்டினார். "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த திங்கட்கிழமைதான் அந்த பிரின்ட் அவுட் வந்தது.

5. ஷோகேஸ் சாவி

அந்த வாரமே இரண்டு பேர் ரிப்பேருக்குக் கொடுத்த லென்ஸைத் திறக்காமலே திருப்பி வாங்கிப் போனார்கள். ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். வியாழக்கிழமை சார் பேச்சை எடுத்தார்.

"ஒரு மாசம் பாக்கறேன் கோமதி. இப்படியே போச்சுன்னா இந்த மேஜையை எடுத்துட்டு ஃபோட்டோ ஃபிரேம் அடுக்கிடலாம்னு இருக்கேன். கோவிச்சுக்காத, தந்தான்னு ஒண்ணு இருக்கில்ல."

தந்தா. வியாபாரம். என் பதினோரு வருட வேலையை ஃபோட்டோ ஃபிரேமுக்கு இடம் பண்ணிக் கொடுக்கச் சொல்லுகிறார்.

"ஷோகேஸ் சாவியைக் குடுங்க சார்."

"எதுக்கு?"

"என் தப்பு என்னன்னு நான் இன்னும் பாக்கவே இல்ல."

35-ஐ எடுத்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டி, ஃபோகஸ் ரிங்கின் ரப்பரை உருவினேன். மூன்று பொட்டும் வெடித்திருந்தன. ஒரு ஸ்க்ரூவின் பள்ளம் தேய்ந்து பளபளவென்று மின்னியது. சைஸ் பொருந்தாத, மூக்குக்கண்ணாடிக் கடை ஸ்க்ரூடிரைவரால் யாரோ திருகியிருக்கிறார்கள்.

6. "நீங்கதானுங்களே சொன்னீங்க"

பிரபுவை நானே ஃபோன் பண்ணி வரச்சொன்னேன். வந்தார். பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்து ஸ்க்ரூக்களைக் காட்டினேன்.

"இதைத் தொறந்தீங்களா?"

கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை அந்த மனிதர். "ஆமாங்க. உள்ள தூசி இருக்குதான்னு சும்மா பார்த்தேனுங்க. எப்படித் தொறக்கறதுன்னு நெட்டுல படம் போட்டுருந்தாங்க. திரும்ப அப்படியே மாட்டிட்டேனே?"

"அப்படியே மாட்டலை. ரிங்கு தள்ளி இருக்கு. மலையை எடுக்கும்போது வியூஃபைண்டர்ல மங்கலாத் தெரியலையா?"

"இன்ஃபினிட்டின்னு போட்டிருந்துச்சு. அதுல வெச்சு எடுத்தேனுங்க."

கண்ணால் பார்த்து ஃபோகஸ் பண்ணத்தான் மேனுவல் லென்ஸ் வேண்டும் என்று வந்தவர், கண்ணைவிட்டு எழுத்தை நம்பியிருக்கிறார்.

"அப்ப என் பேரை எதுக்கு எழுதுனீங்க?"

அதற்கு அவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "என்னங்க மேடம், நீங்கதானுங்களே சாரி சொன்னீங்க?"

சார் நடுவில் புகுந்து, "சோடோ கோமதி, விட்டுடு, தெரியாம நடந்தது" என்றார். நான் விடவில்லை. பிரபு முன்னாலேயே ரிங்கைத் தளர்த்தி, வாட்டர் டேங்கைப் பார்த்துச் செட் பண்ணி, புதிதாக மூன்று பொட்டு வைத்தேன். நாலு நிமிடம் ஆனது. லென்ஸைக் கேமராவில் மாட்டி அவர் கண்ணருகே நீட்டினேன். டேங்கின் ஏணிப்படியை அவரால் எண்ண முடிந்தது.

"நீங்க தொறந்ததை எழுதுங்க. அதே இடத்துல, என் பேரு இருக்கிற அதே பாராவுல."

எழுதுகிறேன் என்றார். எழுதினார் ஒரு வரி: லென்ஸ் இப்போது சரியாக இருக்கிறது, கடை சரிசெய்து கொடுத்துவிட்டது. யார் கெடுத்தது என்று இல்லை. படிக்கிறவனுக்கு நான் கெடுத்து நானே சரிசெய்த மாதிரிதான் தோன்றும். மேலே என் பெயர் அப்படியே நின்றது.

அவர் ஒப்பீட்டில் ஜெயித்தது 50. ஆபீஸ் எட்டுப் பேரும் 50 வாங்கினார்கள். தீபாவளிக்குப் பிறகு அதில் ஐந்து பேர், வீட்டில் குடும்பத்தை எடுக்க இடம் போதவில்லை என்று வந்து நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதைக் கோபத்தோடுதான் சிரித்தேன். மேஜை பிழைத்தது, ஆனால் பிரபுவின் வரியால் இல்லை. அந்த வருட மழைக்கு ஊரிலுள்ள லென்ஸிலெல்லாம் ஃபங்கஸ் பிடித்திருந்தது, திறக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் வேறு இல்லை.

7. இரண்டாவது சாரி

இரண்டு வருடம் கழித்து ஒரு மராத்தி டீச்சர், நான் முன்பு சர்வீஸ் செய்து கொடுத்த தன் 50-ஐக் கொண்டுவந்தார். தூரம் சரியாக வரவில்லை என்றார். அன்றும் சனிக்கிழமை, அன்றும் கூட்டம். "கொஞ்சம் இருங்க" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, எல்லாரும் பார்க்க ரப்பரை உருவினேன். மூன்று பொட்டும் முழுசாக, வெடிக்காமல் இருந்தன. அப்படியானால் திறந்தது நான் மட்டும்தான். செட் பண்ணும்போது நான்தான் தவறியிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்து சாரி சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இல்லை.

ஆகவே, கற்றுக்கொள்ள வந்தவர்களே, பொட்டு வைக்கப் பழகுங்கள். கஸ்டமர் கத்தினாலும் முதலாளி கண்ணைக் காட்டினாலும் முதலில் ரப்பரை உருவிப் பாருங்கள். பார்த்தபிறகு உங்கள் தப்பாக இருந்தால் தாராளமாக மன்னிப்புக் கேளுங்கள். அடுத்தவர் திருகிய ஸ்க்ரூவுக்குக் கேட்காதீர்கள்.

அந்த இன்டர்நெட் குழு எப்போதோ மூடிப்போய்விட்டது. பிரபு எழுதியது இப்போது எங்கேயும் கிடைக்காது, தேடிப் பார்த்துவிட்டேன். அவர் எழுதாமல் விட்ட வரியை இங்கே நான் எழுதி வைக்கிறேன்: பொட்டு வைத்தபிறகு அந்த 35-ஐத் திறந்தது நான் இல்லை.