கதவு வளருமா, சொல்லுங்கள்!

சென்ற செவ்வாய்க்கிழமை காலை. தயிர் பாக்கெட்டோடு ஸ்ரீரங்கம் வீட்டுக்குள் நுழைகிறேன்... பாத்ரூமிலிருந்து அக்காவின் அலறல். "டேய், மெயினை அணைடா! அணைடா!"

ஓடிப்போய் அணைத்தேன். ஸ்லைடிங் கதவு அக்காவின் வாக்கரை நிலையோடு சேர்த்து நசுக்கிக்கொண்டு நின்றது. அலுமினியக் கால் வளைந்தே போய்விட்டது. உள்ளே அக்கா குழாயைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அந்த இடத்தில் அவள் கை இருந்திருந்தால்?

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. இடது கையில் பலம் இல்லை. வலது கை வாக்கரைப் பிடிக்கவே சரியாக இருக்கிறது. கதவை இழுக்க ஒவ்வொரு முறையும் நான் வர வேண்டும். "பாத்ரூம் போறதுக்குக்கூட ஆளைக் கூப்பிடணுமாடா?" என்று ஒருநாள் கேட்டாள். அதற்காகத்தான் மோட்டார் போட்டோம். சுவரில் மோட்டார், அதில் சுற்றும் ஒரு கை, அந்தக் கையைக் கதவோடு இணைக்கும் கம்பி — ஸ்விட்சைத் தட்டினால் கதவு நகரும்.

பொருத்த வந்தவர் கதவை விரலால் இரண்டு தட்டு தட்டினார். "இதுக்குச் சின்ன மோட்டாரே போதுங்க சார்." அளவெடுத்த லட்சணம் அவ்வளவுதான்! மறுநாளே கதவு பாதி வழியில் நின்றது. திரும்ப வந்தார். இந்த முறை தட்டக்கூட இல்லை. "எதுக்கும் ஒரு சைஸ் பெருசா போட்டுடலாம் சார்."

நானும், "ரெண்டு சைஸாவே போட்டுடுங்க" என்றேன். என்னைச் சொல்ல வேண்டும்!

நமக்கு இது ஒரு வியாதி. ஸ்கூல் யூனிஃபார்மை ஒரு சைஸ் பெரிதாக எடுப்போம் — பிள்ளை வளரும், சரி. கதவு வளருமா?

வாக்கர் வளைந்ததைப் போனில் சொன்னால், மனிதர் பெருமைப்படுகிறார். "பவர்ஃபுல் மோட்டாருங்க. குறுக்க எது வந்தாலும் நிக்காது!" குறுக்கே வந்தது என் அக்கா, ஐயா! அதுவும், கதவு மூடும் கடைசி ஓரிரு அங்குலத்தில் மோட்டாரின் கையும் கம்பியும் ஒரே கோடாக நீளும். அங்கே அழுத்தம் பல மடங்கு ஏறும். பெரிய மோட்டாரைப் போட்டால் அது கரும்பு மெஷின்தான். இது தெரியாதவர் எதற்கு மோட்டார் மாட்ட வருகிறார்?

நான் கத்தி முடிக்கும்வரை அக்கா பொறுத்திருந்தாள். துறையூரில் முப்பது வருஷம் தையல் கடை வைத்திருந்தவள். "அளவெடுக்காம ஜாக்கெட் தெச்சுக் குடுத்தா எவளாவது சும்மா விடுவாளா? நீங்க ரெண்டு பேரும் கதவை அளந்தீங்களாடா?"

அளக்கவில்லை.

பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை எடுத்துவரச் சொன்னாள். கம்பியைக் கழற்றிவிட்டு, கொக்கியைக் கதவில் மாட்டி நான் மெதுவாக இழுத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். மூணு கிலோ... மூணு... மூணு... திடீரென்று ஒன்பது! குனிந்து பார்த்தால், கதவு ஓடும் ட்ராக்கில் டைல்ஸ் ஒட்டியவர் விட்டுப்போன சிமெண்ட் கட்டி. சுத்தியலால் ஐந்து நிமிஷ வேலை. அப்புறம் வழி முழுக்க மூணுதான்.

பழைய சின்ன மோட்டாரே திரும்ப ஏறியது. கூடவே கம்பியின் நடுவில் ஒரு ஸ்பிரிங் — குறுக்கே ஏதாவது இருந்தால் அமுங்கிக் கொடுக்க. என் கையை வைத்தே நான்கு முறை சோதித்தேன். ஸ்பிரிங் அமுங்கியது, கை பிழைத்தது. பொருத்தியவர் என்ன சொன்னார் தெரியுமா? "சின்னது போதும்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல சார்?" இவரை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.

இருந்தாலும் எனக்குப் பயம் போகவில்லை. நேற்று அக்கா உள்ளே போனதும், சத்தம் காட்டாமல் கதவருகிலேயே காவல் நின்றேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "டேய், உன்னை அங்க நிக்க வைக்காம இருக்கத்தாண்டா இவ்ளோ பாடு. போடா அந்தப் பக்கம்!"