தடம் மாறாதோர் சங்கத் தலைவர் பறந்தார்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் எந்தப் பக்கம் திரும்பினாலும் எதையாவது செய்து தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். கார், டயர், கண்ணாடி, செல்போன். ஆனால் ஏறி உட்கார்ந்து ஊருக்குப் போக ஒரு ரயில் கிடையாது. ரயிலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றாலே சிங்கப்பெருமாள்கோவிலுக்கோ தாம்பரத்துக்கோ போயாக வேண்டும். இப்படியொரு இடத்தில் பிறந்து, இங்கேயே வேலை பார்த்துக்கொண்டு, ஒரு மனிதர் ரயில் பைத்தியமாக இருக்கிறார் என்றால் அவருடைய மன உறுதியை என்னவென்று சொல்வது!

படப்பை ராஜசேகருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். எந்த ரேக்கில் எத்தனை போல்ட் இருக்கிறது என்று கேட்டால் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் சொல்வார். எந்த வண்டி செங்கல்பட்டில் எத்தனை நிமிடம் நிற்கும் என்று கேட்டால் எதையும் பார்க்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டில்லிபாபுவின் ஷேர் ஆட்டோவில் ஏறி சிங்கப்பெருமாள்கோவில் போய், பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற இன்ஜின் நம்பரையெல்லாம் நோட்டில் எழுதுவார். கொண்டுபோய் விட்ட டில்லிபாபுவும் சும்மா இருப்பானேன் என்று பக்கத்தில் உட்கார ஆரம்பித்து, ஆறே மாதத்தில் ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த இன்ஜின் என்று சொல்லுமளவுக்குத் தேறிவிட்டான்.

மூன்றாவதாக வந்து சேர்ந்தவள் இசக்கிசெல்வி. தூத்துக்குடிக்காரி. சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் தங்கி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் வேலை பார்ப்பவள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஹாஸ்டல் பெண்கள் அத்தனை பேருக்கும் தட்கல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தே ரயில் மேல் காதல் வந்தவள். அவள் வந்த பிறகுதான் வாட்ஸப் குழு உண்டாயிற்று. பெயர், ‘தடம் மாறாதோர் சங்கம்’. தலைவர் ராஜசேகர். சங்கத்துக்கு ஒரே விதிதான். அதை ராஜசேகரே குழுவின் முகப்பில் எழுதி வைத்திருந்தார்: ‘ரயில் போகும் ஊருக்கு விமானத்தில் போகிறவர் இங்கே உறுப்பினராக இருக்க முடியாது.’

இந்த விதியால் அதிகம் அடிபட்டவள் சங்கத்திலேயே இல்லாத ஒருத்தி, அவர் மனைவி செல்வலட்சுமி. பென்னலூரில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் லைன் லீடர். மீனம்பாக்கத்துக்கு வரும் விமானங்கள் படப்பைக்கு மேலே தாழப் பறக்கும். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் அவள் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடமாக ஒரே ஒரு தடவை அதில் ஏற வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ராஜசேகரிடம் எப்போதும் ஒரே பதில்தான்.

“அது இன்னா பிரயாணம்? கதவை மூடிக்கினு, பெல்ட்டை மாட்டிக்கினு, ஊர் பேர் ஒண்ணு கூட தெரியாம போயி எறங்கறது. பார்சல் மாதிரி.”

அவளை அவர் வெளியூருக்கே கூட்டிப் போகவில்லை என்று சொல்ல முடியாது. கல்யாணமான பத்தாம் நாளே ஊட்டிக்குக் கூட்டிப் போனார். மேட்டுப்பாளையத்தில் மூன்று பெட்டிகளையும் ஒரு புதுப் பெண்டாட்டியையும் பெஞ்சில் வைத்துவிட்டு, மலை இன்ஜின் தண்ணீர் பிடிப்பதைப் பார்க்கப் போனவர் முக்கால் மணி நேரம் கழித்து, முகமெல்லாம் கரியோடு சிரித்துக்கொண்டு வந்தார். அன்றைக்கே செல்வலட்சுமி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்: இந்த மனுஷனிடம் கோபப்படுவது வீண், காத்திருப்பதுதான் வழி.

போன ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. ஸ்டோர்ஸில் டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது இசக்கியிடமிருந்து போன் வந்தது.

“அண்ணாச்சி, சேதி தெரியுமா? எங்கூர்ல இருந்து தாம்பரத்துக்குப் புதுசா பகல் வண்டி விடுதாவ. நாளைக் கழிச்சு, சனிக்கெழம காலைல முத ஓட்டம்.”

ராஜசேகர் பேனாவை மூடிப் பையில் செருகினார். ஒரு ரயிலின் முதல் ஓட்டத்தில், கிளம்பும் ஊரிலிருந்து கடைசி ஊர் வரை உட்கார்ந்து வர வேண்டும் என்பது அவருடைய நாற்பது வருடத்து ஆசை.

“டிக்கெட் போட்டுட்டியா?”

“மூணு பேருக்கும் போட்டாச்சு. ஆனா நாம அங்கன போய்ச் சேரணும்லா? தெக்க போற எல்லா வண்டியும் பாத்துட்டேன். வெயிட்டிங் லிஸ்ட் இருநூறத் தாண்டிட்டு. தட்கலும் காலி.”

“பஸ்ஸு?”

“ஞாயித்துக்கெழம முகூர்த்த நாளு அண்ணாச்சி. ஒரு பஸ்ஸுலயும் எடம் இல்ல.” சற்று நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள். “வெள்ளிக்கெழம மத்தியானம் பிளேன்ல மூணு சீட்டு இருக்கு.”

ராஜசேகர் போனை வைத்துவிட்டார். அன்று மதியம் கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. சாயங்காலம் படப்பை கூட்டுரோட்டில் டீக்கடை முன்னால் டில்லிபாபு ஆட்டோவை நிறுத்தி, சங்கத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. இசக்கி போனில் கலந்துகொண்டாள்.

“தலீவரே, ரூலு இன்னா சொல்லுது? ரயில் போற ஊருக்கு பிளேன்ல போவக் கூடாது. இந்த ரயிலு இன்னும் போவவே இல்லியே! சனிக்கெழம தானே மொத தபா போவுது?” என்றான் டில்லிபாபு.

இதைவிட மோசமான வாதத்தை ராஜசேகர் வாழ்க்கையில் கேட்டதில்லை. ஆனாலும் உடனே ஒப்புக்கொண்டார்.

வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் அடுத்த சிக்கல். இரவுச் சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்தபடியே, “நாளைக்கு மத்தியானம் தூத்துக்குடி கெளம்பறேன். சங்க வேலை” என்றார்.

“மத்தியானமா?” செல்வலட்சுமி ரசம் ஊற்றும் கையை நிறுத்தினாள். “வெள்ளிக்கெழம மத்தியானம் தூத்துக்குடிக்கு ஏது வண்டி?”

இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் ரயில்வே அட்டவணை முழுக்க அவளுக்கும் ஏறிப்போயிருந்தது என்பதை அவர் மறந்துவிட்டார்.

“ஸ்பெஷல்” என்றார்.

“ஓ” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் ரசத்தை ஊற்றினாள்.

விமான நிலையத்தில் ராஜசேகர் முதலில் தேடியது சார்ட் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைத்தான். அப்படி எதுவும் கிடையாது என்று இசக்கி சொன்னதும், “அப்பறம் நம்ம பேரு கீதுன்னு எப்பிடி நம்பறது?” என்று கவலைப்பட்டார். பரிசோதனையில் அவருடைய பையிலிருந்து ஒரு கத்தரிக்கோல், ஒரு அடி நீள டார்ச் லைட், ரயில் பெட்டியில் பையைக் கட்டி வைக்கும் சங்கிலி, பூட்டு எல்லாம் வெளியே வந்தன. சங்கிலியைப் பார்த்த காவலர் அவரை இன்னொரு தடவை தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

உள்ளே ஏறியதும் ஜன்னல் சீட்டை இசக்கி அவருக்கு விட்டுக்கொடுத்தாள். டில்லிபாபு பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். விமானம் மெதுவாக நகர்ந்து, ஓடுபாதையின் முனைக்கு வந்து நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

“இன்னா ஆச்சு?”

“இன்னொரு பிளேன் எறங்குது அண்ணாச்சி. அது வந்த பொறவுதான் நாம போவோம்.”

ராஜசேகரின் முகம் மலர்ந்தது. “க்ராஸிங்!” என்று அவர் போட்ட சத்தத்தில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். “எதிர் வண்டிக்காக நிக்க வச்சிக்கீறான், க்ராஸிங்குக்குப் போட்டுக்கீறான்மா! இப்ப பாரு, அவன் வந்ததும் நமக்கு லைன் க்ளியர் குடுப்பான்.” அதே மாதிரிதான் நடந்தது. அந்த நிமிடத்திலிருந்து விமானத்தின் மேல் அவருக்கு இருந்த பகையில் பாதி கரைந்துவிட்டது.

அன்று மேல்காற்று. விமானம் மேற்கே பார்த்து ஏறியது. ஏரிகள், அடுக்கடுக்காகப் புதுக் கார்கள் நிற்கும் மைதானங்கள், கம்பெனிக் கூரைகள். சட்டென்று ராஜசேகருக்குத் தெரிந்த ரோட்டு வளைவு ஒன்று கண்ணில் பட்டது. படப்பை! செல்வலட்சுமிக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. இந்நேரம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருப்பாள். வழக்கம்போலத் தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

ராஜசேகர் சரேலென்று ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டார்.

“வாந்தி வருதா அண்ணாச்சி? கவர் இருக்கு” என்றாள் இசக்கி.

“படப்பை தாண்டிருச்சா பாரு” என்றார் அவர், முழங்காலுக்குள்ளிருந்து.

நிமிர்ந்தபோது விமானம் தெற்கே திரும்பியிருந்தது. கீழே செங்கல்பட்டு. கொளவாய் ஏரியை ஒட்டி, கோடு கிழித்த மாதிரி தண்டவாளம். அதன் மேல் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது.

ராஜசேகர் ஜன்னலில் நெற்றியைப் பதித்துக்கொண்டார். நாற்பது வருடமாக அவர் ரயிலைப் பெட்டி பெட்டியாகத்தான் பார்த்திருக்கிறார். இன்ஜினைப் பார்க்கும்போது கடைசிப் பெட்டி தெரியாது, கடைசிப் பெட்டி வரும்போது இன்ஜின் போயே போயிருக்கும். தலையும் வாலுமாக, முழுசாக, ஒரு ரயில் ஏரியோரமாக வளைந்து போவதை அவர் பார்த்ததே இல்லை. சத்தமில்லாமல், அவசரமில்லாமல் அது போயிற்று. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“இருபத்திரண்டு பெட்டி” என்றார்.

“இங்கேர்ந்து எப்பிடி அண்ணாச்சி எண்ணுனீய?”

“எண்ணல. தெரியுது.”

மறுநாள் காலை தூத்துக்குடி ஸ்டேஷனில் மேளம், மாலை, வாழைமரம். இன்ஜினுக்குச் சந்தனம் வைத்திருந்தார்கள். ஒரு டிவிக்காரர் மைக்கை நீட்டிக்கொண்டு வந்தார். பேச வேண்டிய தலைவர் இன்ஜின் நம்பரை எழுதப் போயிருந்ததால் டில்லிபாபு முன்னால் போய் நின்றான்.

“நாங்க படப்பைலேர்ந்து வர்றோம் சார். இந்த ரயில்ல போறதுக்காக நேத்து பிளேன்ல பறந்து வந்தோம். எங்க தலீவர் ராஜசேகருக்கு ஜன்னல் சீட்டு சார்!”

அந்த டிவியைப் படப்பையில் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே புது ரயிலுக்குக் கொடியசைத்தாலும் கூட்டத்தில் தன் புருஷன் தலை தெரியும் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தாள்.

விருதுநகரைத் தாண்டும்போது ராஜசேகரின் போன் அடித்தது.

“எந்த ஸ்டேஷன்?” என்றாள் செல்வலட்சுமி, அன்பாக.

“விருதுநகர் தாண்டியாச்சு. ரெண்டு நிமிஷம் முன்னாடியே, பிஃபோர்ல ஓடுது.”

“நேத்து ஸ்பெஷல் வண்டி எந்த எந்த ஸ்டேஷன்ல நின்னுச்சு?”

அவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

“வானத்துல ஸ்டேஷன் கட்டிக்கீறாங்களாய்யா?” என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாள்.

முதல் ஓட்டம் முழுக்க ஊர் ஊராக ஜனங்கள் ரயிலுக்குக் கையாட்டினார்கள். திண்டுக்கல்லில் ஆரத்தி எடுத்தார்கள். ராஜசேகருக்கு எதுவும் மனதில் ஒட்டவில்லை. இவ்வளவு சீக்கிரம் தாம்பரம் வந்துவிடுகிறதே என்று ஒரு ரயிலை அவர் நொந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

வீட்டில் சண்டை இல்லை. சாப்பாடு போட்டாள். அவர் சாப்பிட்டு முடித்ததும், “பிளேனு எப்டி கீது?” என்று மட்டும் கேட்டாள்.

நன்றாகவே இல்லை என்று சொல்லிவிடத்தான் அவர் நினைத்தார். ஆனால் ரயில் விஷயத்தில் அவருக்குப் பொய் வராது. ஏரியோரம் போன வண்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்லக் கை காற்றில் வளைந்தது. செல்வலட்சுமி கடைசிவரை கேட்டாள். பிறகு எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள்.

“ஆவணி பொறந்ததும் மதுரைல எங்க அண்ணன் வூட்டுக் கல்யாணம். போவச்சொல்ல உன் ரயில்ல வர்றேன். திரும்பி வரச்சொல்ல பிளேன். இசக்கிகிட்ட சொல்லி டிக்கெட் போட்டாச்சு” என்றாள்.

அப்படியே நடந்தது. திரும்பும்போது மதுரை விமான நிலையத்தில் செல்வலட்சுமிக்கு எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சின்னப்பொண்ணோடு உட்கார்ந்து போனில் பத்து வீடியோ பார்த்து எல்லாம் தெரிந்து வைத்திருந்தாள். ராஜசேகரின் பையிலிருந்த சங்கிலியை வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டிருந்தாள். ஜன்னல் சீட்டு அவளுக்கு. அவருக்குப் பக்கத்துச் சீட்டு.

மேலே ஏறியதும் அவர் எட்டிப் பார்க்க முயன்றார். அவளுடைய கொண்டையும் கனகாம்பரமும்தான் தெரிந்தன.

“லைன் தெரியுதா லட்சுமி?”

“மேகம்.”

“திருச்சி வந்துருக்கும். பாலம் தெரியும் பாரேன்.”

“மேகமா கீது.”

“நல்லா கீழ பாரு.”

“கீழயும் மேகந்தான்யா.”

ஒரு மணி நேரமும் அவளுக்கு மேகம்தான். ஆனால் மூக்கை ஜன்னலில் ஒட்டியபடி வைத்திருந்தாள். ஒரு தடவை “அய்யய்ய!” என்றுகூடச் சொன்னாள். என்ன என்று கேட்டதற்குப் பெரிய மேகம் என்றாள். அந்தப் பக்கத்து வரிசைக்காரர் தன் மகளிடம், இன்றைக்கு வானம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது பார் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

இறங்கி, தாம்பரம் வந்து, டில்லிபாபுவின் ஆட்டோவில் உட்கார்ந்தார்கள். மணிமங்கலம் திருப்பம் வந்தது. செல்வலட்சுமி காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

“விழுப்புரம் தாண்டி ஒரு கூட்ஸ் வண்டி பாத்தேன். ரொம்ப நீளம். முழுசா.”

ராஜசேகர் சட்டென்று திரும்பினார். டில்லிபாபு ஆட்டோவின் வேகத்தைக் குறைத்தான்.

“முன்னாடி இன்ஜின் ஒண்ணா, ரெண்டா?”

“அத்த சொல்ல மாட்டேன்” என்றாள் செல்வலட்சுமி.