கவரைப்பேட்டைக் கம்பம்

2024 செப்டம்பர் 18, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். வீட்டுக்காரருடைய ரத்த அழுத்த மாத்திரையை அவர் டம்ளர் பக்கத்தில் எடுத்து வைத்தேன். எலுமிச்சை சாதத்தை இரண்டு டப்பாவில் கட்டி, கேஸ் மூடியிருக்கிறதா என்று இரண்டாவது முறையும் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். ஆறரைக்குத் தேரடியில் கம்பெனி வேன். திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம், ஆரணி என்று சுற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேனில் எல்லோரும் தூங்குவார்கள். நானும் தூங்குகிறவள்தான். ஆனால் ஐந்து வாரமாக என்னால் முடியவில்லை. கைப்பேசியில் ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டே போனேன்.

எங்கள் தொழிற்சாலை சிப்காட்டில் இருக்கிறது. சரக்குக் குடோன் கவரைப்பேட்டைக்கு வெளியே, வயல்களைத் தாண்டி. நடுவில் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் குறுக்கிட்டதால் கேபிள் இழுக்கவில்லை. தொழிற்சாலையின் தண்ணீர்த் தொட்டி உச்சியில் ஒரு டிஷ், குடோன் மாடியில் நட்ட இரும்புக் கம்பத்தில் இன்னொரு டிஷ். இரண்டும் ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். குடோனில் பில் அடிக்க வேண்டுமென்றால் அந்தப் பார்வை அறுபடக் கூடாது. பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்ட முடியாது. அது அறுபடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. நான் பார்த்துக்கொண்டிருந்த கோடு அந்த சிக்னலுடையது. மூன்று வருடம் நேராகப் போன கோடு, ஆடி முடிந்ததிலிருந்து தினமும் இரண்டு வேளை தலைகுப்புற விழுந்தது. விடியும்போது ஒரு முறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு முறை. அன்றும் நான் வேன் ஏறுவதற்கு முன்பே விழுந்து, எட்டு மணிக்குமேல் தானாக எழுந்தது.

செய்யக்கூடியதை எல்லாம் செய்தாயிற்று. மின்சாரம் தடைபடவில்லை, இரண்டு பக்கத்து ரேடியோப் பெட்டிகளும் நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வயரை மாற்றினேன். அக்கம்பக்கத்துக் கம்பெனிகளின் அலை குறுக்கே வருகிறதோ என்று அலைவரிசையை நான்கு முறை மாற்றினேன். குடோன் பக்கத்துப் பெட்டியையே புதிதாக வாங்கிப் போட்டோம். இரண்டு வாரம் முன்பு மேலாளர் சொல்லி, கம்பத்தில் ஒரு குழாய் அளவு டிஷ்ஷை உயர்த்தினோம். அதற்குப் பிறகு இன்னும் மோசமாயிற்று.

ஒன்பது மணிக்கு மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் அவருடைய கைப்பேசி. அதில் குடோன் மாடியின் படம். கம்பத்திலிருந்து ஒரு கயிறு, கயிற்றில் ஒரு வேட்டி, ஒரு துண்டு. போன வாரமே பார்த்த படம்தான். குடோன் காவலாளி அங்கேயே தங்குகிறவர். காலையும் மாலையும் போர்த் தண்ணீரில் குளித்துவிட்டுத் துணியை மாடியில் உலர்த்துவார்.

"மேடம், நான் உங்க அளவுக்குப் படிக்கல. ஆனா கண்ணு இருக்கு. காலைல குளிக்கிறான், லிங்க் போகுது. சாயங்காலம் குளிக்கிறான், லிங்க் போகுது. இதுல இன்னும் என்ன ஆராய்ச்சி?"

"கயித்தை அவர் அப்பவே அவுத்துட்டார் சார். அதுக்கப்புறமும் போகுது."

"அவுத்தேன்னு அவன் சொல்றான். நீங்க பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து கயிறு தெரியாது.

"நாளைக்கு எட்டு மணிக்கு வேற ஆள் வரான். இவனை ஏஜென்சி ஒரகடம் அனுப்புது. நீங்க இன்னிக்குப் போய் டிஷ்ஷை இன்னும் ஒரு குழாய் ஏத்திடுங்க. ரெண்டும் செஞ்சா சரியாயிடும்."

"புது ஆள் வந்தும் போனா சார்?"

"அப்ப பார்க்கலாம்."

அந்தக் காவலாளிக்கு ஐம்பத்தெட்டு வயது. வீடு கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால். மனைவிக்குச் சர்க்கரையில் ஒரு காலை எடுத்தாயிற்று. இவர் பகலில் மூன்று முறை சைக்கிளில் ஓடி, அந்தம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, சாப்பாடு கொடுத்துவிட்டு வருவார். அதுவரை சுமை ஏற்றும் ஆட்கள் கேட்டைப் பார்த்துக்கொள்வார்கள். ஒரகடம் போனால் வீடு வாரத்துக்கு ஒரு நாள்தான். இதை மேலாளரிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. லாரிகள் நிற்கும்போது அவருக்கு மேலே இருக்கிறவர்கள் அவரைத்தான் திட்டுகிறார்கள்.

கம்பம் ஏறுகிறவரை வரச்சொல்லி, பதினொரு மணிக்குக் குடோன் போய்ச் சேர்ந்தோம். அவர் ஆந்திர எல்லைப் பக்கத்து ஆள். வயதில் மூத்த யாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். காவலாளியைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"இன்னா நைனா, உன் வேட்டி காயறதுக்குக் கம்பெனியே நின்னு போச்சாமே."

"சிரிடா, சிரி. நாளையிலேர்ந்து அது ஒரகடத்துல காயும்."

எனக்கு முட்டி வலி. மாடிக்குப் போகிற இரும்பு ஏணியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறினேன். கயிறு கம்பத்தில் இல்லை. தொட்டிக் குழாய்க்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே தாழ்வாகக் கட்டியிருந்தது. அவர் சொன்னது உண்மைதான். இருந்தாலும் பார்த்துவிடலாம் என்று கம்பத்தைப் பிடித்துத் தொங்கச் சொன்னேன். கம்பம் ஏறுகிறவர் இரண்டு கையாலும் தொங்கி ஆட்டினார். மடிக்கணினியில் கோடு அசையவில்லை. எழுபது கிலோ ஆள் தொங்கி நகராத கம்பம் ஈர வேட்டிக்கு நகராது. ஆனால் மேலாளர் கேட்கப்போவது இதை இல்லை. அப்படியானால் காரணம் என்ன என்று கேட்பார்.

"ஏத்திடலாமா மேடம்? வெயில் ஏறிக்கினு இருக்குது."

"இருங்க. சாயங்காலம் விழறதைக் கண்ணால பார்க்கணும்."

ஐந்து வாரத்தில் நான் அங்கே ஏழெட்டு முறை வந்திருப்பேன். எல்லாம் பட்டப்பகலில். ஐந்தரைக்கு வேன் கிளம்பிவிடும் என்பதால் லிங்க் விழுகிற நேரத்தில் அந்த மாடியில் நான் நின்றதே இல்லை. அன்று வேனில் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மதியம் முழுதும் கோடு நேராகவே போயிற்று. தென்கிழக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. எலுமிச்சை சாதத்தை மூன்று பேரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். காவலாளி வீட்டுக்குப் போய் வந்தார். வரும்போது ஒரு சின்ன ஃபிளாஸ்க்கில் டீ.

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க சொல்றது. நாளைக்கி பஸ் ஏறிட்டு போன்ல சொல்லிக்கலாம்னு உட்டுட்டேன். நேர்ல சொன்னா அழுவும். நான் அழுவறதப் பாத்து இன்னும் அழுவும்." டீயை ஊற்றிக் கொடுத்தார். "மேடம், நான் அந்தக் கம்பத்தத் தொட்டே ஒரு வாரம் ஆவுது. நீங்கனா நம்புங்க."

"நம்பறேன்."

"நீங்க நம்பி இன்னா பண்றது" என்றார் கம்பம் ஏறுகிறவர்.

ஆறு மணி சுமாருக்குக் காற்று நின்றது. கைப்பிடிச் சுவரில் கிடந்த காகிதம் அப்படியே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் கோடு நடுங்க ஆரம்பித்தது. பிறகு இறங்கியது. கீழே ஒரு லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். பில் அடிப்பது நின்றுவிட்டது என்று புரிந்தது. நான் மடிக்கணினியை விட்டுவிட்டு எழுந்து, டிஷ்ஷுக்குப் பக்கத்தில் போய் அது பார்க்கிற திசையைப் பார்த்தேன். தூரத்தில் எங்கள் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த விளக்குக்கு ஓரடி கீழேதான் எங்கள் இன்னொரு டிஷ். சரியாக அதற்கு நேர் கீழே, வயலுக்குள், இன்னொரு சிவப்பு விளக்கு எரிந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இரண்டுதான்.

"அந்த வயல்ல எப்பலேர்ந்து தண்ணி நிக்குது?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

"ஆடி கழிச்சிதான் மேடம். அதுக்கு மின்னாடி பூரா முள்ளுக்காடு. பிளாட்டு போடப்போறோம்னு கல்லு நட்டு வெச்சிருந்தாங்க, வியாபாரம் படியல. இப்போ அவங்களே ஜேசிபி உட்டு முள்ள வாரிட்டு ஏரித் தண்ணிய உட்ருக்காங்க. நடவு போட ஆளு கெடைக்காம அப்டியே நிக்குது."

அந்தச் சுவரிலேயே உட்கார்ந்துவிட்டேன். விளக்கு எனக்கு இரண்டாகத் தெரிந்தால் டிஷ்ஷுக்கும் இரண்டாகத்தான் தெரியும். நேராக வருகிற அலை ஒன்று, தண்ணீரில் பட்டு எழும்பி வருகிற அலை ஒன்று. இரண்டும் ஒரே ஏற்ற இறக்கத்தில், கால் மாறாமல் வந்து சேர்ந்தால் சிக்னல் கூடும். கால் மாறி வந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். எப்படிச் சேரும் என்பது டிஷ் நிற்கிற உயரத்தைப் பொறுத்தது. முள்காடு இருந்தவரை இரண்டாவது அலை அதிலேயே சிதறிப் போயிருக்கிறது. பகலில் காற்று எல்லாவற்றையும் கலக்கிவிடுகிறது. காற்று நின்ற வேளையில் தண்ணீர்மேல் குளிர்ந்த காற்று ஒரு படலமாகப் படிந்து அலையைச் சற்றே வளைக்கிறது. அவ்வளவு சின்ன வளைவு போதும். போன முறை டிஷ்ஷை ஏற்றி, நாங்களே அதை இன்னும் கெட்ட இடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தோம். கண்டுபிடித்த சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. முதுகு வலித்தது.

"டிஷ்ஷை இறக்குங்க" என்றேன்.

கம்பம் ஏறுகிறவர் என்னைப் பார்த்தார். "ஏத்தறதுக்குத்தான கூட்டிக்கினு வந்தீங்க."

"இறக்குங்க. போன தடவை ஏத்தின ஒரு குழாய், அதுக்குக் கீழ இன்னும் ஒரு முழம்."

"அவரு ஏத்துன்றாரு, நீங்க எறக்குன்றீங்க. டிஷ்ஷா மேடம் இது, பள்ளிக்கூடத்துக் கொடியா?" என்று சொல்லிக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார். காவலாளி டார்ச் அடித்தார். போல்ட் துரு ஏறியிருந்தது. இறக்கி, திசை பார்த்து, இழை இழையாகத் திருப்பி முடுக்கினார். கோடு எழுந்தது. எழுந்து, பகலில் இருந்த உயரத்துக்கு வந்து நின்றது. காற்று இன்னும் அசையவில்லை. வயலில் இரண்டாவது விளக்கும் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. கீழே லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

காவலாளி கீழே போய்க் குளித்துவிட்டு வந்தார். துவைத்த வேட்டி வாளியில் கிடந்தது.

"அதைக் கொண்டுவந்து கம்பத்துல கட்டுங்க" என்றேன்.

"வாணாம் மேடம். பேஜாராய்டும்."

"நான் சொல்றேன், கட்டுங்க. ராத்திரி பூரா இருக்கட்டும்."

அவர் கட்டவில்லை. கம்பம் ஏறுகிறவர்தான் வாளியிலிருந்து வேட்டியை எடுத்து, கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துக் கட்டினார். கோடு அசையவில்லை. மடிக்கணினியில் ஓடுகிற கோடும் கம்பத்தில் தொங்குகிற வேட்டியும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பிவிட்டு, போன் செய்தேன். வயல், தண்ணீர், விளக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஒரு சாயங்காலம் நின்னா போதுமா மேடம்? காலைலயும் நிக்கட்டும். நின்னா ஆறரைக்குள்ள கூப்பிடுங்க, ஏஜென்சிக்குச் சொல்றேன். அதுக்கு மேல போனா புது ஆள் வீட்டை விட்டுக் கிளம்பிடுவான். அப்புறம் என்னால திருப்ப முடியாது."

இதுவும் நிரந்தரம் இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. நடவு முடிந்து பயிர் உயர்ந்தால் தண்ணீர் மறையும். அறுத்துவிட்டு மறுபடி தண்ணீர் கட்டுவார்கள். ஏரி நிறைந்தால் ஒரு கணக்கு, வற்றினால் ஒரு கணக்கு. டிஷ்ஷை எந்த உயரத்தில் வைத்தாலும் ஏதோ ஒரு மாதத்தில் அது தப்பான உயரமாக இருக்கும். நிஜமான வழி இரண்டு டிஷ், இரண்டு உயரத்தில். அதற்கு எழுதிக் கேட்க வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். வயலில் இரண்டாவது விளக்கு எரிந்த கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

பெரியபாளையத்தில் பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரர் தோசை வார்த்து மூடி வைத்திருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். காலையில்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் எழுந்ததும் முதலில் பால் வைக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தேன். வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை. இப்படிப்பட்ட காலை ஒவ்வொன்றிலும் அந்தக் கோடு விழுந்திருக்கிறது. வெளிச்சம் வரும்வரை பார்த்தேன். விழவில்லை. காவலாளி கம்பத்து வேட்டியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஆறே காலுக்கு மேலாளரைக் கூப்பிட்டேன். மூன்றாவது முறை எடுத்தார், தூக்கக் குரல்.

"நிக்குது சார். வேட்டியும் கம்பத்துலயேதான் இருக்கு."

"சரி மேடம். அவனே இருக்கட்டும், ஏஜென்சிக்குச் சொல்லிடறேன். எதுக்கும் கம்பத்துல எதையும் கட்ட வேணாம்னு அவன்கிட்ட சொல்லிடுங்க."

காவலாளியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். ஒரகடம் போக வேண்டியதில்லை என்று சொன்னேன். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம் கேட்டது.

"அப்போ ஊட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வந்துட்றேன் மேடம்" என்றார். "அவளுக்கு நாஷ்டா குடுக்கணும்."