பின்னால் நடந்தவர்

மெல்பர்னுக்கு மேற்கே, கடலோரப் பாதையில் நானும் தோழி சுதாவும் ஒரு வாரம் நடக்கப் போயிருந்தோம். இரண்டாம் நாள் காலை, கூடாரமடித்த இடத்தில் “தமிழோ பிள்ளையள்?” என்று இலங்கைத் தமிழில் கேட்டவர், அதன்பின் எங்கள் பின்னாலேயே வந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி, வெயிலிலும் கழற்றாத கம்பளித் தொப்பி. நாங்கள் நின்றால் அவரும் நின்றார். வழிவிட்டாலும் தாண்டிப் போகவில்லை. அடிக்கடி திரும்பி வெறும் பாதையைப் பார்த்தார். சுதாவின் குதிகாலில் கொப்புளம், வேகமாக நடக்கவும் முடியாது. பயத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“எதுக்கு அங்கிள் எங்க பின்னாடியே வர்றீங்க? முன்னாடி போங்க.”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“சண்டைக்குள்ள சனத்தோட சனமா நடக்கேக்கை நான் முன்னுக்குப் போயிட்டன் பிள்ளை. திரும்பிப் பாத்தா, பின்னால வந்த என்ர மனுசியைக் காணேல்ல. இண்டைக்கும் காணேல்ல. இப்ப ஒருத்தருக்கும் முன்னால நடக்க என்னால ஏலாது.”

அதன்பிறகு சுதா நொண்டியபடியே, “அங்கிள், வர்றீங்களா?” என்று அவ்வப்போது குரல் கொடுத்தாள். “ஓம் பிள்ளை” என்பார். ஒவ்வொரு முறையும் தனக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.